கண்டாவளையில் ஒரு பிரெஞ்சுக் காணி

புதுச்சேரியில் முப்பது வருடமாக வெள்ளைக்காரர்களுக்கு வாடகை சைக்கிள் விடுகிறவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு. ஆனால் பிரெஞ்சு பேசுவேன். யாரும் சொல்லித் தரவில்லை, காது வழியாக வந்தது. ஒரே குறை, என் பிரெஞ்சு சைக்கிளை விட்டுக் கீழே இறங்காது. பிரேக் சரியாக இருக்கிறது, சீட்டை ஏற்றவா இறக்கவா, இடது பக்கம் போனால் கடற்கரை, சாயங்காலம் ஆறு மணிக்குள் வண்டியைத் திருப்பிவிட வேண்டும். அதற்கு மேல் கேட்டால் சிரித்துச் சமாளிப்பேன்.

இந்தப் பிரெஞ்சை நம்பி ஒரு மனிதன் என்னைக் கடல் தாண்டிக் கூப்பிட்டான். பெயர் யோகலிங்கம். சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து படகில் வந்து அகதி முகாமில் இருந்தபோது என் கடையில் பஞ்சர் ஒட்டியவன். ஒரு பழக்கம் அவனுக்கு. எந்த சைக்கிள் கடையை விட்டுக் கிளம்பினாலும் கட்டைவிரலால் இரண்டு டயரையும் அமுக்கிப் பார்த்துத்தான் விடுவான். அவசரப்படுகிற ஆளையும் நிறுத்தி வைத்து அமுக்குவான். "காத்து கண்ணுக்குத் தெரியாது அண்ணை, விரலுக்குத்தான் தெரியும்" என்பான். சண்டை ஓய்ந்த பிறகு பெண்டாட்டி பிள்ளையோடு ஊர் திரும்பி, கிளிநொச்சிப் பக்கம் கண்டாவளையில் தகப்பன் விட்ட காணியில் நெல் விதைக்கிறான்.

அவன்தான் போனில் சொன்னான். "அண்ணை, உங்கட கடைல தர்சிக்குப் பிடிச்ச வருத்தம் இன்னும் மாறேல்லை. நீங்கள்தான் வந்து மாத்த வேணும்."

வருத்தம் என்றால் அவர்கள் ஊரில் நோய். என்ன நோய் என்றால், பிரெஞ்சு. அவன் மகள் தர்சிகா தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். முதல் வருடம் புவியியல், தமிழ், பிரெஞ்சு என்று மூன்று பாடம். இனி அதில் ஒன்றைச் சிறப்புப் பாடமாக எடுத்து மூன்று வருடம் படிக்க வேண்டும். புவியியல் எடுத்தால் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகலாம் என்பது அப்பாவின் கணக்கு. பெண் பிரெஞ்சுதான் என்று நிற்கிறாள். விடுமுறை முடிந்து திரும்பும்போது படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அப்பா கையெழுத்து தேவையில்லை. ஆனால் அப்பா வாயால் சரி என்று சொல்லாமல் நிரப்ப மாட்டேன் என்கிறாளாம். குழந்தையாக என் கடைப் படியில் உட்கார்ந்து வெள்ளைக்காரிகளோடு கூழாங்கல் எண்ணி விளையாடியவள். ஆகையால் நோயைக் கொடுத்தவனே மருந்தும் கொடுக்க வேண்டும். போய் என்ன சொல்ல வேண்டும் என்றும் யோகு சொல்லித் தந்தான். "பிரெஞ்சு படிச்சு நான் கண்டது சைக்கிள் மட்டும்தான் எண்டு சொல்லுங்கோ. அது பொய்யில்லையே."

பொய்யில்லைதான். கிளம்பிவிட்டேன்.

முதல் நாளே டயர் தன் வேலையைக் காட்டியது. கொழும்பில் இறங்கி வடக்கே போகிற வழியில், புளியங்குளத்தில் பஸ் மூச்சை விட்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டிரைவர் சிங்களவர். இறங்கி டயரைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார், இரண்டு மொழிக்காரர்களும் சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா மொழிபெயர்த்துச் சொன்னார்: "ரோட்டுக்கும் டயருக்கும் பழைய பகையாம். தான் நடுவில சமாதானம் பேசப் போற ஆளாம்." நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ் டயரும் சைக்கிள் டயரும் தாயும் பிள்ளையும் மாதிரி, குணம் ஒன்றுதான். நட்டைச் சுழற்றிக் கொடுத்ததற்கு டிரைவர் ஒரு பிளேன்டீயும் வாய்ப்பனும் வாங்கித் தந்தார். வாய்ப்பன் என்பது வாழைப்பழம் பிசைந்து பொரித்த உருண்டை. பால் இல்லாத தேநீரில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் டீயில் பால் பேசும், இங்கே தேயிலை பேசுகிறது.

தேநீர்க் கடைக்கார அம்மா நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டுக்கொண்டார். இந்தியா என்றதும், முந்திய மழைக்குக் குளம் உடைத்தது, இந்த மழைக்குக் குளம் நிரம்பியது என்று இரண்டு வருடத்துக் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லி, கடைசியில் ஒரு வரி வைத்தார்: "குளம் நிரம்பினால் எல்லாரும் கமக்காரர்தான் தம்பி. வத்தினாப் பிறகு நிக்கிறவன்தான் கமக்காரன்." கமக்காரன் என்றால் விவசாயி. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. தம்பி என்று கேட்டு வெகுநாளாயிற்று. அந்த வார்த்தைக்காகவே இன்னொரு வாய்ப்பன் சாப்பிட்டேன்.

பரந்தன் சந்தியில் யோகு மோட்டார் சைக்கிளோடு நின்றான். தலை நரைத்து, கறுத்து, இன்னும் ஒல்லியாகி. கட்டிப்பிடித்த கையோடு என்னை விலக்கிவிட்டு, பஸ் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். மாற்றின டயர் என்று எப்படிக் கண்டுபிடித்தானோ. ஆள் மாறவில்லை என்று தெரிந்தது.

அறுவடை முடிந்த காலம். கண்டாவளைக்குப் போகிற தார் ரோட்டில் ஒரு பாதி நெல்லுக்கு, ஒரு பாதி வண்டிக்கு. நெல்லைக் காலால் கோதிக் காயவிட்டுக்கொண்டே பெண்கள் போனில் பேசினார்கள். எதிரே வந்த லொறிக்காரர் நெல்லில் ஏறாமல் மண்ணில் இறங்கிப் போனார். எங்கள் ஊரில் இந்த மரியாதை கோயில் தேருக்கு மட்டும்தான்.

வீட்டில் யோகுவின் மனைவி ரஞ்சினி குழற்புட்டும் சொதியும் குளத்து மீன் பொரியலும் வைத்துக் காத்திருந்தார். ஜப்பான் மீன் என்றார். ஜப்பானிலிருந்து எப்படி வந்தது என்று கேட்டேன். "எல்லாரும் வெளிநாட்டுக்குப் போகேக்க, ஏதாவது ஒண்டு இஞ்ச வரத்தானே வேணும்" என்றார். மகள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. இந்த வீட்டில் வெளிநாடு என்ற சொல் எங்கே விழுகிறது என்று முதல் பந்தியிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை பல் விளக்கி வருவதற்குள் முற்றத்தில் ஆள் கூடிவிட்டது. கலியாண வீடா என்று பார்த்தால், கடதாசிக் கூட்டம். அந்தப் பக்கத்தில் பிரான்சில் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. அங்கிருந்து வருகிற பார்சல், மருந்துப் பெட்டி, கடிதம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருந்து, தர்சி விடுமுறைக்கு வந்ததும் கொண்டுவருகிறார்கள். அவள் ஒரு கதிரையில் உட்கார்ந்து டாக்டர் மாதிரி ஒவ்வொருவராகப் பார்க்கிறாள்.

ஓர் அம்மா மஞ்சள் டப்பா ஒன்றை நீட்டினார். மகன் அனுப்பிய முகக் களிம்பு, இரண்டு வருடமாகப் பூசுகிறார், நல்ல மினுக்கம், தீரப்போகிறது, பெயர் சொன்னால் திரும்பக் கேட்கலாம். தர்சி வாசித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, அது பால் கறக்கிற மாட்டின் மடிக்குப் பூசுகிற களிம்பு, அங்கே சில பேர் கைக்கும் முகத்துக்கும் பூசுவதுண்டு, பயமில்லை என்றாள். கூட்டம் சிரித்து உருண்டது. அந்த அம்மா அசையவில்லை. டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்ப மாட்டுக்கும் எனக்கும் ஒண்டே காணும்" என்று போய்விட்டார். காணும் என்றால் போதும்.

கூட்டம் கலைந்த பிறகு, யோகு வயலுக்குப் போயிருந்தான், நான் வந்த வேலையைத் தொடங்கினேன். பிரெஞ்சு படித்து நான் கண்டது சைக்கிள்தான் என்றேன். தர்சி என்னையே பார்த்தாள்.

"அப்பா சொல்லித் தந்தவரோ, பெரியப்பா?"

ஓம் என்றேன். பொய் சொல்ல அவள் கண் விடவில்லை. சரி, நீயே சொல், எதற்கு இந்தப் பிரெஞ்சு, பாரிசுக்குப் போகவா என்று கேட்டேன்.

அவள் சொன்னதை நான் எங்கேயும் கேட்டதில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் வன்னியிலிருந்து போனவள் அவள் ஒருத்தி. வகுப்பு இங்கிலீசில், கேண்டீன் சிங்களத்தில். நகரத்துப் பிள்ளைகள் இங்கிலீசில் பிறந்தவர்கள் மாதிரி கேள்வி கேட்பார்கள்; இவள் கேள்வியை மனதுக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். எல்லாவற்றிலும் கடைசி பெஞ்சு. நேரசூசியில் வேறு பாடம் கிடைக்காமல்தான் பிரெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே முதல் நாள் ஆசிரியை வணக்கம் சொல்லச் சொன்னார். ஒருவருக்கும் வாய் திரும்பவில்லை. கொழும்புக்காரி, கண்டிக்காரன், கண்டாவளைக்காரி, எல்லோருக்கும் ஒரே உளறல்.

"அண்டைக்குத்தான் பெரியப்பா எனக்கு விளங்கினது. அந்த வகுப்பில எல்லாரும் கடைசி. நான் ஒருத்தருக்கும் பின்னால இல்லை."

வருட முடிவில் அவள்தான் முதல். எனக்குப் பிரான்சுக்குப் போகிற எண்ணமே இல்லை என்றாள். சமமாகத் தொடங்கின ஒரே ஓட்டம் அது, அதைப் பாதியில் விட மனமில்லை, அவ்வளவுதான் என்றாள்.

சாயங்காலம் யோகுவிடம் இதைச் சொன்னேன். வாய்க்கால் கட்டில் உட்கார்ந்திருந்தோம். அவன் வாய்க்காலில் அடைத்திருந்த சருகைக் காலால் தள்ளிவிட்டான். "போக எண்ணமில்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம், அண்ணை. தண்ணி வாய்க்காலைப் பாத்துத்தான் ஓடும். பாஷையும் வாய்க்கால்தான்" என்றான். ரஞ்சினி பிறகு குசினியில் என்னிடம் இன்னொரு விதமாகச் சொன்னார்: "இவர் பயப்பிடுறது பிரெஞ்சுக்கில்லை அண்ணை, ஏர்போட்டுக்கு."

மூன்றாம் நாள் ரஹீம் நானா வந்தார். முல்லைத்தீவு முஸ்லிம். எழுபது வயதிருக்கும். சின்ன வானில் பாய், பெட்சீட், சாரம் என்கிற லுங்கி எல்லாம் ஏற்றிக்கொண்டு வாரம் ஒரு நாள் கண்டாவளைக்கு வருகிறவர். நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. அவரும் ஒரு கடதாசி கொண்டுவந்திருந்தார். ஆனால் மூட்டையிலிருந்து எடுக்கவில்லை. சட்டைக்குள், நெஞ்சோடு வைத்திருந்த உறையிலிருந்து எடுத்தார். பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்த ஒற்றைத் தாள். முத்திரை, கையெழுத்து, ஒரு மூலையில் இளைஞன் ஒருவனின் போட்டோ.

அந்த மண்ணில் எல்லாக் கடதாசிக்கும் இந்தப் பிளாஸ்டிக் சட்டை உண்டு. பிறப்புச் சான்று, கலியாணப் பதிவு, பிள்ளையின் ரிப்போர்ட், எல்லாமே. சண்டைக்குப் பயந்து ஓடின ஓட்டத்தில் பாதிக் கடதாசி தண்ணீரில் போனது, பாதி தீயில் போனது. அதனால் கையில் எது கிடைத்தாலும் முதல் வேலை, லேமினேட் கடை.

நானா கதிரை நுனியில் உட்கார்ந்து, சந்தேகம் கேட்க வரவில்லை, வாசிக்கக் கேட்க வந்தேன் என்றார். அவருடைய மூத்த மகன் நிஸாம் பிரான்சில் வேலைக்குப் போகிற வழியில் விபத்தில் இறந்துபோனவன். பதினாறு வருடத்துக்கு மேல். உடலைக் கொண்டுவர முடியவில்லை. கூட அறையில் இருந்த பையன்கள் காசு சேர்த்து அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, நிஸாமுக்குக் காணி வாங்கிக் கொடுத்துவிட்டோம் வாப்பா என்று சொல்லி இந்தக் கடதாசியை அனுப்பினார்கள். அந்தப் பையன்கள் இப்போது எங்கே என்று தெரியாது. நானா அதை உறுதி என்று வைத்திருக்கிறார். உறுதி என்றால் அவர்கள் ஊரில் காணிப் பத்திரம். சொந்தம் என்று எழுதின பத்திரம்.

"இவ்வளவு காலமும் ஒருத்தரும் முழுசா வாசிச்சுச் சொல்லேல்லை, மகள்" என்றார். "முல்லைத்தீவில என்ர வாப்பா காடு வெட்டி எடுத்த காணிக்கு ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. சண்டைக்க எங்களை எழுப்பிவிட, எல்லாத்தையும் விட்டுட்டுப் போய், இருபது வருசம் புத்தளத்தில இருந்திட்டுத் திரும்பி வந்து, அது எங்கட எண்டு சொல்ல எத்தினை கந்தோர் ஏறினன். பொடியனுக்குப் பாருங்கோ, பிரான்சில முத்திரையோட உறுதி."

தர்சி வாசித்தாள். நடுவில் அவள் கண் நின்றது. மறுபடி மேலே போனது. நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் ஒரு தேதி, பதினைந்து என்ற எண், வருடம் என்ற சொல், முடிவுத் தேதி. முப்பது வருடம் வாடகைச் சீட்டு எழுதின கண்ணுக்கு வேறென்ன வேண்டும்? அது சொந்தக் கடதாசி இல்லை. வாடகைக் கடதாசி.

தர்சி தலை நிமிர்ந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "நானா, சட்டக் கடதாசியில சொல்லு கஷ்டமாயிருக்கும். நான் வடிவாப் பாத்து நாளைக்குச் சொல்லுறன்" என்றாள். அவர் சந்தோசமாகத் தலையாட்டினார். அந்தத் தாளை வேறு கையில் விட்டு அவர் போனது அன்றுதான் முதல் தடவை என்று ரஞ்சினி சொன்னார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. தர்சி அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் பார்த்து முடித்தாள். கல்லறை நிலம் பதினைந்து வருடத்துக்கு மட்டும். தவணை முடிந்து ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. முடிந்த பிறகு இரண்டு வருடம் வரை குடும்பத்தார் புதுப்பிக்கலாம். அதற்குள் யாரும் வராவிட்டால் நகரசபை நிலத்தை எடுத்துக்கொள்ளும்; எலும்பை எடுத்துப் பொது இடத்தில் வைப்பார்கள்.

சொல்லாதே என்றான் யோகு. அந்த மனிதன் நம்பிக்கொண்டு இருக்கிறார், இருக்கிற காலம் வரை இருக்கட்டும், உறுதிதான் என்று ஒரு சொல் சொன்னால் யாருக்கு நட்டம்? உண்மையைச் சொல்கிறேன், நானும் அவன் கட்சிதான். வயதானவர், எதற்கு என்று நினைத்தேன். ரஞ்சினி ஒரு பக்கமும் சேராமல் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார்.

"எட்டு மாதம் இருக்கு அப்பா" என்றாள் தர்சி. "அதுவும் முடிஞ்சிருந்தால் நானும் பொய் சொல்லியிருப்பன்."

யோகு எழுந்துவிட்டான். "பாத்தீங்களோ அண்ணை. இதுக்குத்தான் சொன்னனான். பாஷை படிச்சால் ஊராற்ற துக்கமெல்லாம் வீட்டுக்கு வரும். புவியியல் படிச்சால் ஆராவது மலையைத் தூக்கிக்கொண்டு வருவினமே?"

ரஞ்சினி உருவின இலையை அள்ளிக்கொண்டு குசினிக்குள் போனார்.

நாலாம் நாள் காலை நானா வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, தலையில் புதுத் தொப்பி, கையில் மஸ்கட் பெட்டி. மஸ்கட் அங்கே விசேஷத்துக்குச் செய்கிற இனிப்பு, நம் அல்வாவுக்குத் தம்பி. மகனுடைய உறுதி வாசிக்கிற நாளாம்.

தர்சி அவரை உட்காரவைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, அலுமாரியில இருந்து எங்கட காணிப் பெர்மிட்டை எடுத்துத் தாங்கோ."

யோகு முறைத்தான். ஆனாலும் எடுத்துவந்தான். அதுவும் பிளாஸ்டிக் சட்டைதான். அவள் இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அகராதிச் சொல் ஒன்றும் சொல்லவில்லை. பிரெஞ்சு என்ற பேச்சே எடுக்கவில்லை. யோகுவின் தாளில் விரலை வைத்து, இது பெர்மிட் காணி, அரசாங்கம் இருக்கத் தந்தது, சொந்தமில்லை, நிபந்தனை இருக்கு, உங்களுக்குத் தெரியும்தானே நானா என்றாள். பிறகு விரலை மெதுவாக மற்றத் தாளுக்கு நகர்த்தினாள்.

"நிஸாம் அண்ணாவின்ரயும் பெர்மிட்தான், நானா. உறுதி இல்லை."

எங்கள் ஊர்க்காரன் என்றால் பத்து நிமிடம் விளக்கியிருக்க வேண்டும். நானாவுக்கு அரை நொடி. ஆபீஸ் ஆபீஸாக, அவர் சொல்கிற கந்தோர் கந்தோராக, ஏறின மனிதர். ஒரே கேள்விதான் கேட்டார், தவணை எப்போது என்று. முடிந்துவிட்டது, ஆனால் புதுப்பிக்க இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தாளில் இருந்த போட்டோவைப் பார்த்தார்.

"எங்களை எழுப்பினது காணாதே, மகள்? அவனையும் எழுப்பிப் போடுவாங்களோ?"

தர்சி பெர்மிட்டைத் தள்ளிவைத்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

"எழுப்ப விடேலாது, நானா. நாங்கள் எழுதுவம்" என்றாள் தர்சி.

எழுத உட்கார்ந்தால் ஒரு முட்டுக்கட்டை. கல்லறை இலக்கம் வேண்டும். தாளில் இலக்கம் என்ற சொல் இருக்கிறது, அதற்கு நேரே இருப்பது நிஸாமின் போட்டோ. லேமினேட் செய்கிற அன்று நானாவே மகன் படத்தை அந்த மூலையில் வைத்துச் சேர்த்து மூடச் சொல்லியிருக்கிறார். காணிக்காரன் முகம் காணியோடு இருக்கட்டும் என்று. பிளாஸ்டிக்கை உரித்தால் தாள் கிழியும். கிழிந்தால் இலக்கமும் போகும், படமும் போகும். நானா இரண்டு கையாலும் தாளைப் பிடித்துக்கொண்டார். கொடுக்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் வழியில்லை.

யோகு அதுவரை வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். வந்து தாளை வாங்கினான். வெயிலில் சாய்த்துப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக் கட்டைவிரலால் போட்டோவைச் சுற்றி அமுக்கினான், என் கடையில் டயரை அமுக்கின அதே அமுக்கு.

"படத்துக்குக் கீழ ஒட்டேல்லை, அண்ணை. காத்து இருக்கு" என்றான் என்னிடம்.

புது பிளேடு ஒன்றை எடுத்து, போட்டோவின் மூன்று பக்கமும் பிளாஸ்டிக்கை மட்டும் கீறினான். ட்யூப் மேலே ஒட்டின பழைய துண்டை ட்யூப் கிழியாமல் எடுக்கிறவன் கை அது. நாலாவது பக்கத்தைக் கீறாமல் விட்டு, படத்தைக் கதவு மாதிரி மெல்லத் திறந்தான். கீழே இலக்கம். தாளின் மற்ற எழுத்தெல்லாம் பழுத்து மங்கியிருக்க, வெளிச்சம் படாமல் கிடந்த அந்த இலக்கம் மட்டும் நேற்று எழுதினது மாதிரி நீலமாக இருந்தது. தர்சி குறித்துக்கொண்டாள். யோகு கதவைச் சாத்தினான். படம் பழையபடி படுத்துக்கொண்டது.

அவள் எழுதுவதற்கு மதியமாகிவிட்டது. இரண்டு தடவை கிழித்து மூன்றாவதாக எழுதினாள். என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். அது சைக்கிளில் ஏறாத சங்கதி, கையை விரித்துவிட்டேன். முடித்ததும் நானா, தமிழில் பிறகு சொல்லுங்கோ மகள், முதலில் அவங்களுக்கு எப்படிக் கேட்குமோ அப்படியே வாசியுங்கோ என்றார். அவள் எழுந்து நின்று வாசித்தாள். முப்பது வருடமாக நான் கேட்ட பிரெஞ்செல்லாம் சாவி எங்கே, கடற்கரை எங்கே. ஒருவருக்காக மன்றாடுகிற பிரெஞ்சை அன்றுதான் கேட்டேன். நடுவில் ஓர் இடத்தில் நானா கையை உயர்த்தினார்.

"அவன்ர பேர் வந்த இடம். திரும்ப ஒருக்கா."

அவள் அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். அதன் பிறகுதான் மஸ்கட் பெட்டி திறந்தது. முதல் துண்டை நானா யோகுவின் கையில் வைத்தார்.

பரந்தன் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலாகப் போட்டோம். நானாதான் தன் கையால் கொடுத்தார். இதை எழுதுகிற இன்று வரை பதில் வரவில்லை. புதுப்பிக்கிற செலவுக்கு நானா வானை விற்க யோசிக்கிறார் என்றும், ஊரார் விட மாட்டோம் என்று நிற்கிறார்கள் என்றும் ரஞ்சினி போனில் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை தர்சியும் நானும் ஒரே பஸ்ஸுக்குக் கிளம்பினோம். பரந்தன் சந்தியில் வெயில் ஏறுவதற்குள் பாண் வாசம் வந்தது. புதுச்சேரி வெள்ளைக்காரத் தெரு ரொட்டிக் கடை வாசம்தான், ஆனால் இங்கே அதைச் சம்பலில் தோய்த்துத் தின்கிறார்கள், அதுதான் முறை என்று நினைக்கிறேன். யோகு வழியனுப்பச் சந்தி வரை வந்திருந்தான். அவள் பையில் அந்தப் படிவம் நிரப்பாமல் கிடந்தது.

யோகு என்னிடம், "அண்ணை, நான் சொன்னதை நீங்கள் அவளிட்டச் சொன்னனீங்களோ?" என்று கேட்டான். சொன்னேன், அவள் நம்பவில்லை என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு மகள் பக்கம் திரும்பி, அந்தப் படிவத்தை எடு என்றான்.

அது இங்கிலீசில் இருந்தது. வாசித்துச் சொல்லச் சொன்னான். ரோட்டோரத்தில் பெட்டி படுக்கையோடு நின்றுகொண்டு அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பெயர். பதிவு எண். தெரிவு செய்யும் சிறப்புப் பாடம். அந்த இடத்தில் கோடு மட்டும் இருக்கிறது என்றாள்.

"இதென்ன, உறுதியோ, பெர்மிட்டோ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பெர்மிட்தான் அப்பா. ஒவ்வொரு வருசமும் பாஸ் பண்ணினால்தான் அடுத்த வருசம் விடுவினம்."

"அப்ப தவணை தப்பாமல் புதுப்பிச்சுக்கொண்டிரு" என்றான்.

அவளுக்கு விளங்க ஒரு கணம் ஆனது. விளங்கினதும் பேனாவைத் தேடினாள், பேனா கிடைக்கவில்லை, என் சட்டைப் பையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். என் முதுகில் படிவத்தை வைத்து எழுதினாள். அந்தச் சொல்லின் ஒவ்வொரு எழுத்தும் சட்டைக்கு மேலாக முதுகில் தெரிந்தது.

பஸ் வந்தது. பெட்டியைத் தூக்கித் தருவான் என்று பார்த்தால் யோகுவைக் காணோம். கண்டக்டர் ஏறுங்கோ ஏறுங்கோ என்று தட்டுகிறார், டிரைவர் ஹாரன் அடிக்கிறார். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். பின் டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தான். எழுந்து, மற்றப் பக்கத்து டயருக்குப் போனான்.